உஷார்! ஸ்டென்ட்டுக்குள் மறுபடியும் அடைப்பா? கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வி

ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் ஆகியிருக்கலாம், ஆறு வருடமும் ஆகியிருக்கலாம். மாடிப்படி ஏறும்போது பழைய நெஞ்சு இறுக்கம் மறுபடி எட்டிப் பார்க்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆஞ்சியோ. கேத் லேபுக்கு வெளியே கைப்பையும் பழைய ஃபைலுமாக நிற்கும் மகனை உள்ளே கூப்பிடுகிறார்கள். "அப்பாவுக்கு வெச்ச ஸ்டென்ட்டுக்குள்ளயே எண்பது பர்சன்ட் அடைச்சிருக்கு. டேபிள்லதான் படுத்திருக்கார். இப்பவே இன்னொரு ஸ்டென்ட் வெச்சிடலாமா?" திரையில் ஒரு கறுப்புக் கோடு நடுவில் மெலிந்து தெரிகிறது. மகனுக்கு என்ன தெரியும்? நீட்டிய பேப்பரில் கையெழுத்துப் போடுகிறார்.

உஷார்! அந்த இடத்தில்தான் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது: "டாக்டர், ஏன் அடைச்சுதுன்னு ரத்தக் குழாய்க்குள்ள விட்டுப் பார்த்தீங்களா?"

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடப்பது மாரடைப்பு என்றால் வாக்குவாதத்துக்கு நேரமில்லை. குழாயைத் திறப்பதுதான் முதல் வேலை, உடனே கையெழுத்துப் போடுங்கள். இந்தக் கேள்வி, கொஞ்சம் மூச்சுவிட நேரம் இருப்பவர்களுக்கு. ஸ்டென்ட்டுக்குள் மறு அடைப்பு என்று வருபவர்களில் பெரும்பாலோர் இந்த ரகம்தான்.

ஆஞ்சியோவில் நாம் பார்ப்பது இதயத்தின் ரத்தக் குழாயை அல்ல. குழாய்க்குள் ஓடும் சாயத்தின் நிழலை. கையிலோ தொடையிலோ நுழைத்த குழாய் வழியே சாயத்தைப் பாய்ச்சி, எக்ஸ்ரேயில் படம் பிடிக்கிறார்கள். சாயம் எங்கே மெலிந்து ஓடுகிறதோ அங்கே அடைப்பு. எங்கே என்பதற்கு ஆஞ்சியோ நன்றாகவே பதில் சொல்லும். ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் வாய் திறக்காது. குழாயின் சுவர் அதில் தெரிவதில்லை. சுவரில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா, கொழுப்பு சேர்ந்திருக்கிறதா, ஸ்டென்ட்டின் மெல்லிய கம்பிகள் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருக்கின்றனவா, எங்காவது ஒடிந்திருக்கிறதா என்பதெல்லாம் நிழலில் எப்படித் தெரியும்?

அதைப் பார்க்க இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று ஐவஸ். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள குழலின் நுனியில் குட்டி ஸ்கேன் கருவி இருக்கும். வயிற்றுக்கு எடுக்கிற அதே அல்ட்ராசவுண்டைத்தான் இதயக் குழாய்க்குள் இறக்கிவிட்டு எடுக்கிறார்கள். இன்னொன்று ஓ.சி.டி. இது ஒலிக்குப் பதில் அகச்சிவப்பு ஒளியை வைத்துப் படம் எடுப்பது. ஐவஸ் ஆழமாகப் பார்க்கும், குழாயின் முழுச் சுவரையும் காட்டும். ஓ.சி.டி.க்கு ஆழம் போதாது, ஒன்றிரண்டு மில்லிமீட்டரோடு நின்றுவிடும். ஆனால் அந்த எல்லைக்குள் 10 முதல் 20 மைக்ரான் அளவுள்ள நுணுக்கத்தைக்கூட விடாமல் பிடித்துவிடும். இன்றைய ஸ்டென்ட் கம்பியின் தடிமன் பல பிராண்டுகளில் 60 முதல் 80 மைக்ரான்தான் என்பதால், ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகத் தெரியும்.

ஓ.சி.டி. படம் எடுப்பதைத் திரையில் பார்க்க வேண்டும். ரத்தம் ஒளியை மறைத்துவிடும் என்பதால், சாயத்தை வேகமாகச் செலுத்தி ஒரு கணம் ரத்தத்தை விலக்குகிறார்கள். அந்த இடைவெளியில் இழை பின்னுக்கு இழுபடுகிறது. இரண்டு மூன்று விநாடிதான், ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் குழாய் முழுதும் பதிவாகிவிடுகிறது. திரையில் தாமிர நிறத்தில் ஒரு வட்டம். நடுவே கறுப்பு, அதுதான் ரத்தம் ஓடும் வழி. வட்டத்தின் ஓரமாக வெள்ளைப் பொட்டுகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நிழல் கீற்று. அவைதான் ஸ்டென்ட் கம்பிகள். பொட்டுகள் வழியை ஒட்டியே இருந்தால் நல்லது. பொட்டுகள் வெளியே எங்கேயோ இருக்க, அவற்றுக்கும் கறுப்புக்கும் நடுவே தடித்த தசை வளையம் இருந்தால், ஸ்டென்ட் நன்றாக விரிந்தும் உள்ளே தசை வளர்ந்து அடைத்திருக்கிறது. பொட்டுகளே நெருங்கி, சின்ன வட்டமாகச் சுருங்கிக் கிடந்தால், ஸ்டென்ட் முதல் நாளே சரியாக விரியவில்லை.

இரண்டும் ஆஞ்சியோவில் 'எண்பது பர்சன்ட்' என்றுதான் தெரியும். ஆனால் வைத்தியம் வேறு வேறு.

ஒரு சின்னக் கணக்கு. 3 மி.மீ. ஸ்டென்ட் முழுசாக விரிந்தால் உள் பரப்பு சுமார் 7 சதுர மி.மீ. அதுவே 2.4 மி.மீ. வரைதான் விரிந்தது என்று வையுங்கள். விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் குறைவு, ஆஞ்சியோ நிழலில் அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் பரப்பு 4.5 ஆகிவிடும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போச்சு. ஸ்டென்ட் வைத்தால் அதன்மேல் உடம்பு ஒரு மெல்லிய தசைப் படலம் போர்த்தும். காயம் ஆறுவதற்கு அது தேவை. அந்தப் படலம் சற்றுத் தடித்து 0.3 மி.மீ. ஆகிறது என்று கொள்வோம். முழுசாக விரிந்த ஸ்டென்ட்டில் இன்னும் 4.5 சதுர மி.மீ. வழி மிச்சம் இருக்கும், மனிதர் நடமாடிக்கொண்டிருப்பார். அரைகுறையாக விரிந்ததில் மிஞ்சுவது 2.5 தான். இரண்டு பேருக்கும் வளர்ந்தது ஒரே அளவுத் தசை. ஒருவருக்கு நெஞ்சு வலி, இன்னொருவருக்கு ஒன்றுமில்லை. "உங்க உடம்பு வாகு அப்படி" என்று முதலாமவரிடம் சொல்லிவிடுவது சுலபம். அவர் உடம்பைக் குற்றம் சொல்வதற்கு முன் ஸ்டென்ட்டை அளந்து பார்க்க வேண்டாமா?

இது இன்று நேற்றுத் தெரிந்த சங்கதியும் அல்ல. 1995-ல் இத்தாலியின் மிலான் நகர இதய மருத்துவர் அந்தோனியோ கொலம்போவின் குழு, ஆஞ்சியோவில் அருமையாகத் தெரிந்த ஸ்டென்ட்களை ஐவஸ் விட்டுப் பார்த்து, பல ஸ்டென்ட்கள் ஒழுங்காக விரியவே இல்லை என்று எழுதியது. அதிக அழுத்தத்தில் பலூனை ஊதி முழுசாக விரித்தார்கள். அதன் பலனாக, ஸ்டென்ட்டில் ரத்தம் உறையாமலிருக்க அன்று கொடுத்துவந்த கடுமையான மருந்துகளை விட்டுவிட்டு, தட்டணுக்களை அடக்கும் மாத்திரைகளோடு நோயாளிகளை வீட்டுக்கு அனுப்ப முடிந்தது. முப்பது வருடத்துக்கு முந்தைய பாடம் இது. இன்னமும் உலகின் பல இடங்களில் ஸ்டென்ட் வைப்பது நிழலை மட்டும் நம்பித்தான்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால், உள்ளே எட்டிப் பார்த்த ஒவ்வொரு முறையும் மருத்துவர்களின் நம்பிக்கை ஒன்று உடைந்திருப்பது தெரியும். 1977 செப்டம்பர் 16-ல் ஸூரிக்கில் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்ஸிக் முதல் முறையாக இதயக் குழாய் அடைப்பைப் பலூனால் விரித்தார். உலகமே கைதட்டியது. ஆனால் பலூன் போட்டவர்களில் மூன்றில் ஒருவர் அளவுக்கு, ஆறு மாதத்துக்குள் அதே இடத்தில் அடைப்போடு திரும்பி வந்தார்கள். காயம்பட்ட இடத்தில் தசை அதிகமாக வளர்கிறது என்று நினைத்து, வளர்ச்சியைத் தடுக்க என்னென்னவோ மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. 1990-களில் வாஷிங்டனில் கேரி மின்ட்ஸ் குழுவினர் அதே நோயாளிகளை பலூன் போட்ட அன்றும் சில மாதம் கழித்தும் ஐவஸ் விட்டு அளந்தபோதுதான் விஷயம் புரிந்தது. தசை வளர்ச்சி சின்னக் காரணம். பெரிய காரணம், குழாயே மொத்தமாகச் சுருங்கிக்கொண்டது. சுருங்கும் குழாய்க்கு மாத்திரை என்ன செய்யும்?

சுருங்காமல் முட்டுக் கொடுக்கத்தான் ஸ்டென்ட். 1986-ல் பிரான்ஸின் தூலூஸில் ஜாக் புவெலும், ஸ்விட்ஸர்லாந்தின் லோஸானில் உல்ரிக் ஸிக்வார்ட்டும் மனிதர்களுக்கு அதை வைத்துக் காட்டினார்கள். 1994-ல் வெளியான பெனஸ்டென்ட் ஆய்வில் பலூனுக்கு 32 சதவீதமாக இருந்த மறு அடைப்பு, ஸ்டென்ட்டுக்கு 22 ஆனது. குறைந்தது, ஆனால் ஒழியவில்லை. மறுபடியும் ஐவஸ். இந்த முறை கண்டது வேறு: கம்பி நசுங்கவில்லை, குழாய் சுருங்கவில்லை, கம்பிகளுக்கு ஊடே தசை வளர்கிறது. பலூன் காலத்தில் தவறாகப் போட்ட குற்றச்சாட்டு ஸ்டென்ட் காலத்தில் சரியானது. அப்படியானால் கம்பியிலேயே தசையை அடக்கும் மருந்தைத் தடவிவிடலாமே!

அந்த மருந்து வந்த வழி தனிக் கதை. பசிபிக் கடலில் ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்த நுண்ணுயிரி ஒன்றிலிருந்து இந்திய வம்சாவளி விஞ்ஞானி சுரேன் சேகலின் குழு கனடாவில் பிரித்தெடுத்தது சிரோலிமஸ். 1999 டிசம்பரில் பிரேசிலின் சாவ் பாவ்லோவில் எட்வர்டோ சௌசா அதைப் பூசிய ஸ்டென்ட்டை முதன்முதலாக மனிதருக்கு வைத்தார். சில மாதம் கழித்து ஐவஸ் விட்டுப் பார்த்தால், கம்பிக்குள் வளர்ந்த தசை கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. 2002-ல் வந்த ராவெல் ஆய்வில் ஆறாவது மாதம் மறு அடைப்பு பூஜ்யம், மருந்தில்லா ஸ்டென்ட்டில் 26.6 சதவீதம். "மறு அடைப்பு செத்துவிட்டது" என்கிற அளவுக்குப் பேச்சு போனது.

சாகவில்லை. ராவெலில் சேர்ந்தவர்களுக்கு இருந்தவை சிக்கலில்லாத அடைப்புகள். நிஜ ஆஸ்பத்திரிக்கு வருபவருக்கோ சர்க்கரை இருக்கும், குழாய் மெலிந்திருக்கும், அடைப்பு நீளமாக இருக்கும், சுண்ணாம்பு கட்டியிருக்கும். மருந்து ஸ்டென்ட்டிலும் முதல் வருடத்துக்குப் பிறகு, வருடத்துக்கு நூற்றுக்கு ஒருவர் இருவர் என்று மறு அடைப்பு சேர்ந்துகொண்டே போகிறது. அமெரிக்காவில் 2009 முதல் 2017 வரை நடந்த லட்சக்கணக்கான ஸ்டென்ட், பலூன் சிகிச்சைகளை எண்ணிப் பார்த்தபோது, பத்தில் ஒன்றுக்கு மேல், அதாவது 10.6 சதவீதம், பழைய ஸ்டென்ட்டுக்குள் வந்த அடைப்பைச் சரிசெய்யத்தான்.

சரி, உள்ளே விட்டுப் பார்த்தால் என்ன மாறும்? எல்லாமே மாறலாம்.

முதல் ரகம், விரியாத ஸ்டென்ட். காரணம் பெரும்பாலும் சுண்ணாம்பு. குழாய்ச் சுவரில் பாதி வட்டத்துக்கு மேல், அரை மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக, ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் நீளமாகச் சுண்ணாம்பு கட்டியிருந்தால் ஸ்டென்ட் விரியாமல் போக வாய்ப்பு அதிகம் என்று ஓ.சி.டி. வைத்தே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். இதைப் பார்க்காமல் அதற்குள் இன்னொரு ஸ்டென்ட்டை வைப்பது, பாதி விரிந்து சிக்கிய குடைக்குள் இன்னொரு குடையைத் திணித்து விரிப்பதுதான். வெளியே இருக்கும் கல் அப்படியே இருக்கும். உள்ளே இரண்டு அடுக்கு இரும்பு. வழி இன்னும் குறுகல். அடுத்த வருடம் மூன்றாவது கையெழுத்து. இவர்களுக்குத் தேவை, நெகிழாத பலூனை உயர் அழுத்தத்தில் ஊதுவது, இல்லையென்றால் அதிர்வலையால் சுண்ணாம்பை உடைக்கும் பலூன், அல்லது வேறு உடைக்கும் முறை. பழைய ஸ்டென்ட் சரியாக விரிந்துவிட்டால், புது ஸ்டென்ட் இல்லாமலேயே வேலை முடிந்துவிடலாம்.

இரண்டாவது, ஸ்டென்ட் சரியாகத்தான் விரிந்திருக்கிறது, உள்ளே தசை வளர்ந்திருக்கிறது. இதற்கு மருந்து தடவிய பலூன் இருக்கிறது. ஊதினால் மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும், பலூன் வெளியே வந்துவிடும், புதிய இரும்பு எதுவும் மிஞ்சாது. ஜெர்மனியில் ப்ரூனோ ஷெல்லர் குழு 2006-லேயே சிறிய ஆய்வில் காட்டியது: சாதாரண பலூனுக்கு மறு அடைப்பு 43 சதவீதம், மருந்து பலூனுக்கு 5. அமெரிக்காவோ ஆற அமர 2024 மார்ச்சில்தான் இதயக் குழாய்க்கு மருந்து பலூனை அனுமதித்தது. நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய ஸ்டென்ட் மருந்து ஸ்டென்ட்டாக இருந்து அதற்குள் அடைத்தால், மறுபடி அடைக்காமல் காப்பதில் புது மருந்து ஸ்டென்ட் பலூனைச் சற்று முந்துகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஆகவே பலூன்தான் எப்போதும் சரி என்று நான் சொல்ல வரவில்லை. எது சரி என்பதை அந்த டாக்டர் உள்ளே பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும் என்கிறேன்.

கம்பி ஒடிந்திருக்கலாம். துடிப்போடு மடங்கி மடங்கி நிமிரும் வளைவுகளில், அதிலும் வலது குழாயில், இது நடக்கும். பழைய ஸ்டென்ட் அடைப்பு முழுவதையும் மூடாமல் ஓரத்தில் கொஞ்சம் விட்டிருக்கலாம். இந்த இரண்டுக்கும் புது ஸ்டென்ட்தான் நியாயமான வைத்தியம். ஏற்கெனவே இரண்டு அடுக்கு இருந்து மூன்றாவதைப் பற்றிப் பேச்சு வந்தால், பைபாஸ் டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

இப்போது உண்மையிலேயே வயிற்றைக் கலக்கும் ரகம். ஸ்டென்ட்டுக்குள் வளர்ந்த அந்தப் புதுத் தசையிலேயே மறுபடி கொழுப்பு படிவது. ஸ்டென்ட் வைத்த இடம் இனி எவர்சில்வர் மாதிரி, அங்கே கொழுப்பு ஒட்டாது என்று நினைக்கிறோம் இல்லையா? ஒட்டும். அமெரிக்காவின் மேரிலாந்தில் ரேணு விர்மானியின் ஆய்வுக்கூடம், இறந்தவர்களின் இதயத்திலிருந்த ஸ்டென்ட்களை நுண்ணோக்கியில் பார்த்து 2011-ல் வெளியிட்ட கணக்கு இது. மருந்தில்லா ஸ்டென்ட்களில் 16 சதவீதத்தில் புதுக் கொழுப்பு. மருந்து ஸ்டென்ட்களில் 31 சதவீதம். மருந்தில்லா ஸ்டென்ட்டில் அது காணப்பட்டது நடுமட்டமாக 2160 நாள், ஏறக்குறைய ஆறு வருடம் கழித்து. மருந்து ஸ்டென்ட்டில் 420 நாளிலேயே. அதில் இருந்தவை பழைய தலைமுறை மருந்து ஸ்டென்ட்கள் என்பது உண்மைதான், இன்றையவை மேம்பட்டவை. ஆனாலும் இந்தக் கொழுப்புப் பொதி வெடித்தால் நடப்பது சாதாரண நெஞ்சு வலி அல்ல, மாரடைப்பு.

'ஸ்டென்ட்டுக்குள் அடைப்பு என்றால் மெதுவாகத்தான் வரும், ஆபத்தில்லை' என்று மருத்துவ உலகமே ஒரு காலத்தில் நம்பியது. கிளீவ்லாந்து கிளினிக்கில் மருந்தில்லா ஸ்டென்ட்டில் வந்த 1186 மறு அடைப்புகளை ஆராய்ந்து 2006-ல் வெளியிட்டார்கள். அவற்றில் 9.5 சதவீதம் வெளிப்பட்டதே மாரடைப்பாகத்தான். இன்னும் கால்வாசி, ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிய அளவுக்கு நிலையில்லாத நெஞ்சு வலியாக வெளிப்பட்டன.

இந்தக் கொழுப்புக்கு எந்த பலூனும் நிரந்தரத் தீர்வு இல்லை. கொலஸ்ட்ரால் மாத்திரைதான். "ஸ்டென்ட்தான் வெச்சாச்சே, கொலஸ்ட்ராலும் நார்மலாயிடுச்சு, மாத்திரை லிவரைக் கெடுக்கும்னு சொல்றாங்க" என்று நிறுத்திவிடும் மாமாக்களே, உஷார்! லேப் ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று அச்சடித்திருக்கும் எல்லை, நெஞ்சில் ஸ்டென்ட் இல்லாதவருக்கு. உங்களுக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் 55-க்குக் கீழே இருக்க வேண்டும், ஆரம்பத்தில் இருந்ததில் பாதிக்கும் மேல் குறைந்திருக்கவும் வேண்டும் என்கிறது ஐரோப்பிய வழிகாட்டல். ரிப்போர்ட்டில் 95 இருந்து பக்கத்தில் எச்சரிக்கைக் குறி எதுவும் இல்லாவிட்டாலும், உங்களைப் பொறுத்தவரை அது அதிகம். நிறுத்த வேண்டிய பிரச்சினை ஏதாவது இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்று மருந்துகள் உண்டு.

எப்போது சந்தேகப்பட வேண்டும்? ஸ்டென்ட்டுக்கு முன் எந்த மாதிரி வலி வந்ததோ அதே மாதிரி, அதே மாதிரி வேலை செய்யும்போது வந்தால் முதல் சந்தேகம் ஸ்டென்ட் மேல்தான் போக வேண்டும், கேஸ் மேல் அல்ல. சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்து ராத்திரியை ஓட்டாதீர்கள். சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல் மூச்சு வாங்கலாம், வழக்கமாக நடக்கும் தூரம் திடீரென்று குறையலாம், காரணமில்லாமல் வியர்க்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்து கால் மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் 108. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைவது வேண்டாம். சி.டி. ஆஞ்சியோ எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று யாராவது சொன்னால், உங்கள் ஸ்டென்ட்டின் அளவைக் கேளுங்கள். 3 மி.மீ.க்குக் குறைந்த ஸ்டென்ட்டின் உட்புறம் வழக்கமான சி.டி.யில் தெளிவாகத் தெரிவதில்லை, கம்பியின் பளபளப்பு மறைத்துவிடும்.

இவ்வளவு படித்த பிறகு பயந்துபோய் "எனக்கும் உள்ளே விட்டுப் பார்த்துவிடுங்கள்" என்று நல்லா இருப்பவர் போய் நின்றால், அது இன்னொரு பள்ளம். வலியில்லை, நடக்கிறார், சாப்பிடுகிறார் என்றால் வருடத்துக்கு ஒரு ஆஞ்சியோ தேவையே இல்லை. 'ஸ்டென்ட் ஆண்டுப் பரிசோதனை' என்று யாராவது பேக்கேஜ் விற்றால் அங்கேயும் உஷார்! தென் கொரியாவில் ஆபத்து அதிகமுள்ள 1706 ஸ்டென்ட் நோயாளிகளில் பாதிப் பேருக்கு ஒரு வருடம் கழித்துக் கட்டாயமாக டிரெட்மில் போன்ற இதயப் பரிசோதனை, மீதிப் பேருக்கு வலி வந்தால் மட்டும் பரிசோதனை என்று வைத்துப் பார்த்தார்கள். 2022-ல் முடிவு வந்தது. இரண்டு வருடத்தில் சாவு, மாரடைப்பு போன்ற விபரீதங்கள் ஒரு பக்கம் 5.5 சதவீதம், மறுபக்கம் 6 சதவீதம். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. தேவையில்லாமல் ஆஞ்சியோ எடுத்தால், கண்ணில் பட்ட நாற்பது ஐம்பது சதவீதத்தையெல்லாம் சரிசெய்யத் தோன்றும். வலியில்லாதவருக்கு அங்கே ஆரம்பிக்கும் தொல்லை.

ஐவஸும் ஓ.சி.டி.யும் மந்திரக்கோலும் அல்ல. சிக்கலான அடைப்புகளில் பலன் நன்றாகத் தெரிகிறது. கொரியாவில் 1639 பேரை வைத்து நடந்து 2023-ல் வந்த ஆய்வில், உள்ளே பார்த்து ஸ்டென்ட் வைத்தவர்களில் 7.7 சதவீதம் பேருக்கு அந்தக் குழாயில் மறுபடி பிரச்சினை. ஆஞ்சியோவை மட்டும் நம்பியவர்களில் 12.3. சீனாவில் எல்லா வகை நோயாளிகளையும் சேர்த்து நடந்த அல்டிமேட் ஆய்வில் மூன்று வருடத்தில் 6.6-க்கு 10.7. ஆனால் அதே 2023-ல் வந்த பெரிய ஓ.சி.டி. ஆய்வான இலூமியன் 4-ல் ஸ்டென்ட் பெரிதாக விரிந்ததே ஒழிய, மொத்தப் பிரச்சினைகளில் குறிப்பிடும்படி வித்தியாசம் வரவில்லை, ஸ்டென்ட்டில் ரத்தம் உறைவது மட்டும் குறைந்தது. எல்லாவற்றையும் எடை போட்டு, ஐரோப்பிய இதய மருத்துவச் சங்கம் 2024-ல், முக்கியமான இடது மூலக் குழாய், கிளை பிரியும் இடம், நீளமான அடைப்பு போன்ற சிக்கலான இடங்களில் உள்ளே பார்த்துத்தான் ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்று தன் உச்சபட்சப் பரிந்துரையாகச் சொல்லிவிட்டது. ஏற்கெனவே ஒரு முறை தோற்றுப்போன ஸ்டென்ட்டைவிடச் சிக்கலான இடம் வேறென்ன என்று எனக்குத் தோன்றுகிறது.

கிட்னி பலவீனமானவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓ.சி.டி.க்குக் கூடுதல் சாயம் தேவை, ஐவஸுக்குத் தேவையில்லை. கிரியாட்டினின் அளவை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். எதைப் பயன்படுத்துவது என்று அவர் அதற்கேற்ப முடிவு செய்வார்.

பணம்? அதுதான் கேத் லேப் வாசலில் தொண்டையில் சிக்கும் முள். ஸ்டென்ட் விலைக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் விலை நிர்ணய ஆணையம் கடிவாளம் போட்டது. அதுவரை லட்சத்தைத் தாண்டிக்கூட விற்ற மருந்து ஸ்டென்ட்டுக்கு அன்று 29,600 ரூபாய் என்று உச்ச வரம்பு வந்தது, அதன் பிறகு அவ்வப்போது மாறியிருக்கிறது. உள்ளே பார்க்கும் ஐவஸ், ஓ.சி.டி. குழல் அந்த ஸ்டென்ட் வரம்புக்குள் வராது, அது தனி ஐட்டம், ஒரு முறை மட்டுமே பயன்படுத்த வேண்டியது. ஆகவே ஆஞ்சியோவுக்கு முந்தின நாளே, டேபிளில் ஏறுவதற்கு முன்பே, இன்சூரன்ஸ் கவுன்டரில் கேளுங்கள்: இந்தப் பேக்கேஜில் ஐவஸ் சேர்ந்திருக்கிறதா, இல்லையென்றால் எவ்வளவு கூடும்? ஜப்பானில் பெரும்பாலான ஸ்டென்ட்களை உள்ளே பார்த்துத்தான் வைக்கிறார்கள் என்றால், அங்கே அதற்குக் காப்பீடு பணம் கொடுக்கிறது என்பதும் ஒரு பெரிய காரணம். உங்கள் ஆஸ்பத்திரியில் கருவியே இல்லை என்றால், அவசரமில்லாத நிலையில், கருவி இருக்கும் இடத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. நல்ல டாக்டர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால், அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தான்.

செலவைக் கேட்டுத் தயங்கி நிற்பவரை மடக்கவே ஒரு கூட்டம் காத்திருக்கிறது. 'ஆபரேஷன் இல்லாமல் அடைப்பைக் கரைக்கிறோம்' என்று டிரிப் ஏற்றும் கீலேஷன் சிகிச்சை அதில் ஒன்று. மாரடைப்பு வந்த ஆயிரம் சர்க்கரை நோயாளிகளை வைத்து நடந்த டாக்ட் 2 ஆய்வு 2024-ல் வெளியானது. ரத்தத்தில் ஈயம் குறைந்தது, இதயத்துக்கு எந்த லாபமும் இல்லை. ஸ்டென்ட்டுக்குள் வளர்ந்த தசையையோ, வெளியே இறுகிய சுண்ணாம்பையோ டிரிப்பும் கரைக்காது, வாட்ஸ்அப்பில் சுற்றும் இஞ்சி பூண்டு எலுமிச்சைச் சாறும் கரைக்காது.

வீட்டில் ஒரு ஃபைல் போடுங்கள். ஸ்டென்ட் டப்பாவில் இருந்து கிழித்து ஒட்டிய ஸ்டிக்கர் டிஸ்சார்ஜ் சம்மரியிலோ ஸ்டென்ட் கார்டிலோ இருக்கும். பிராண்டு, விட்டம், நீளம், லாட் நம்பர் எல்லாம் அதில் உண்டு. எந்தக் குழாயில் எந்த இடத்தில் வைத்தது என்றும் எழுதியிருக்க வேண்டும். ஆஞ்சியோ படம் பதிந்த டிஸ்க்கைக் கேட்டு வாங்கி, பென் டிரைவிலும் ஒரு பிரதி போட்டு வையுங்கள். ஐந்து வருடம் கழித்து வேறு ஊரில் வேறு டாக்டர் உள்ளே பார்க்கும்போது, அவர் கண்ணுக்குத் தெரிவது 2.5 மி.மீ. ஸ்டென்ட்டா, இல்லை 3.5 மி.மீ. ஸ்டென்ட் 2.5 வரைதான் விரிந்ததா என்று அந்த ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அப்புறம், பல் பிடுங்கப் போகிறவர்கள். ரத்தம் உறையாமலிருக்க ஸ்டென்ட்டுக்காகக் கொடுக்கும் இரண்டு மாத்திரைகளை, மாரடைப்புக்குப் பிறகு வைத்த ஸ்டென்ட் என்றால் வழக்கமாக ஒரு வருடம், மற்றவர்களுக்குப் பெரும்பாலும் ஆறு மாதம் சேர்த்துச் சாப்பிடச் சொல்வார்கள். பிறகும் ஒன்றாவது தொடரும். "அஞ்சு நாளைக்கு எல்லாத்தையும் நிறுத்திட்டு வாங்க" என்று கிளினிக்கில் யாராவது சொன்னால், நிறுத்துவதற்கு முன் ஸ்டென்ட் வைத்த டாக்டருக்கு ஒரு போன் போடுங்கள். பல்லில் கசியும் ரத்தத்தைப் பஞ்சு வைத்து அழுத்தி நிறுத்தலாம். ஸ்டென்ட்டில் ரத்தம் உறைந்தால் நேராக மாரடைப்புதான்.